மாமாவுக்கு ஒரு பானை

அருணாசலவடிவுக்குத் தூத்துக்குடியில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே வடிவு. முதுகைத் திருப்பினால் நெட்டாலுக்காரி. நெட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் கரும்பு விளையும் சீமை. அவளுடைய அப்பா வெள்ளத்துரை ஏரல் பக்கம் ஆற்றங்கரை வயலில் கிடந்தவர். ஒரு பஞ்சத்தில் பெண்டாட்டியோடு கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலியாக அங்கே போய்ச் சேர்ந்தார். வடிவு அங்கேதான் பிறந்தாள். அவள் விரல் சூப்பும் வயதில் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். வெள்ளத்துரை விடியுமுன் கரும்புக்குள் நுழைந்தால் பொழுது அடைந்துதான் வெளியே வருவார். பிள்ளையை யார் பார்ப்பது?

தோட்டத்து ஓடைக்கு அக்கரையில் ஒரு ஜூலுக்காரி இருந்தாள். பெயர் மாகுமேடே. அவள் ஒருநாள் தானாகவே ஓடையைத் தாண்டி வந்து, அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி முதுகில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு போனாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. அவளுடைய பிள்ளைகள் அவளை மாமா என்று கூப்பிட்டார்கள். வடிவும் மாமா என்றே கூப்பிட்டாள். ஜூலுக்காரர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா.

நம் பக்கத்தில் அந்தச் சொல் படுகிற பாடு தெரிந்ததுதான். தாய்மாமன் மாமா, அத்தை புருஷன் மாமா, பக்கத்து வீட்டு வம்புக்காரரும் மாமா, கழுத்தில் தாலி கட்டியவனும் மாமா. பெற்றவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் சொல் பொருந்தும். இப்படிப்பட்ட ஊருக்கு அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து இறங்கினால் வினை வராமல் என்ன செய்யும்?

மாகுமேடே கள் காய்ச்சுவதில் பேர்போனவள். பனங்கள் இல்லை, சோளக் கள். சோளத்தை ஊறவைத்து முளை கட்டி, வெயிலில் காயப்போட்டு, இடித்து மாவாக்குவாள். இன்னொரு பக்கம் வெறும் சோளமாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவிட்டு, அதில் முளைமாவைக் கலந்து மூடிவைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதை வைத்துக் கேட்டால் பானை உள்ளுக்குள் முணுமுணுக்கும். வடிகட்டுவதற்குப் புல்லில் பின்னிய நீளமான பை ஒன்று, சட்டைக் கை மாதிரி இருக்கும். அதற்கு வோவோ என்று பெயர். புளித்த கூழை அதில் ஊற்றி ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் கள் இளஞ்சிவப்பாக இறங்கும். வோவோ பின்னுவது ஆண்பிள்ளைகள் வேலை, காய்ச்சுவது பெண்பிள்ளைகள் வேலை. போதை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. நம்மூர்ப் புளித்த கூழுக்கு ஒரு படி மேலே. வயிறு நிறையும், வாய் கொஞ்சம் தாராளமாகும்.

அந்தக் கள்ளுக்குக் குடிப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. செத்தவர்கள் செத்த மாத்திரத்தில் வீட்டுத் தெய்வமாகிவிடுவதில்லை, வெளியே அலைந்துகொண்டிருப்பார்கள் என்று மாகுமேடே சொல்லுவாள். வருஷம் திரும்பியதும் வீட்டுப் பிள்ளைகள் கள் காய்ச்சி, உட்சுவர் ஓரமாக முதல் அகப்பையை ஊற்றி, முறை சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே வா என்று அழைக்க வேண்டும். அழைக்க ஆளில்லாதவர்களுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். பொங்கலுக்கும் அமாவாசைக்கும் இலை போட்டுப் படைக்கிற நமக்கு இது விளங்காத விஷயம் இல்லை.

அங்கத்திய சர்க்கார் கப்பல் செலவைக் கொடுத்துக் கூலிக்காரர்களை ஊருக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளத்துரை வயதுக்கு வந்த மகளோடு திரும்பினார். தாமிரபரணியில் ஒரு முங்கு முங்கிவிட்டுச் சாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆறு ஏற்றுக்கொண்டது, ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் கை படாமல் செம்பைத் தூக்கிக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். காட்டுக்காரி முதுகில் வளர்ந்த பிள்ளை என்று வடிவைப் பார்த்து வாயைக் கோணினார்கள். அவர் அவிழ்த்த மூட்டையை அப்படியே திரும்பக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு நடந்தார். வழியில் மகளிடம் சொன்னார்.

"இங்கன யாருகிட்டயும் அவளப் பத்தி வாயத் தொறக்காத. தொறந்தா ஒனக்கு மாப்பிள்ள கெடைக்க மாட்டான்."

வடிவு வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை கிடைத்தான்.

சங்கரபாண்டியன் பனந்தும்புக் கிட்டங்கியில் வேலை செய்தான். பனைமட்டையில் உரித்த நாரை நீளம் பார்த்து, நிறம் பார்த்துப் பிரித்துக் கட்டிக் கப்பலுக்கு அனுப்புகிற கிட்டங்கி அது. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். குறை ஒன்றும் இல்லை. பேச மாட்டான், அவ்வளவுதான். அவனுடைய அப்பன் வயலைக் கள்ளுக்கடையில் உட்கார்ந்தே குடித்துத் தீர்த்தவன். அதனால் ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். பக்கத்து வீட்டில் இருந்த அவனுடைய அக்காள் பேச்சி அவனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டாள். பெயர்ப் பொருத்தம் என்றால் அதுதான்.

கல்யாணம் நடந்து, வெள்ளத்துரையும் கண்ணை மூடிய பிறகு, அந்த வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மிஞ்சினார்கள். ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டார்களே தவிர, நெருங்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வடிவுக்குத் தெரியும். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. சோறு போட்டதும் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டு தட்டுவாள். அவன் வந்து உட்காருவான். சட்டிச் சத்தத்துக்கு வந்து நிற்கிற மனுஷன் மனசுக்குள் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான், பின்னால் ஒரு கப்பலில் திரும்பிய தோட்டத்து ஆள் ஒருவரைச் சந்தையில் கண்டாள். ஊர்ச் செய்தி விசாரித்தாள். மாகுமேடே போன மழைக்கு முன்னால் செத்துப்போனாள் என்றார் அவர். மகன்மார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்கள் திரும்பவே இல்லையாம். குடிசை விழுந்து, அந்த இடத்திலும் கரும்பு நட்டுவிட்டார்களாம்.

"அப்போ அவியளுக்குக் கள்ளு வைக்க ஆளு?" என்று வடிவு கேட்டாள்.

"யாரு இருக்கா?" என்றார் அவர்.

வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். வந்தவளுக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது.

இனி நடந்தது வடிவுக்குத் தெரியாமல் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சங்கரபாண்டியன், பாயில் கிடந்து நடுங்குகிறவளைக் கண்டு, இருந்த துணியையெல்லாம் எடுத்துப் போர்த்தினான். அவளோ கண்ணைத் திறக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமா, போவாதீங்க, உள்ள வாங்க" என்றாள். அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். அன்று மத்தியானத்துக்கு மேல் கிட்டங்கிக்குப் போகவில்லை. ஒரு பெண்பிள்ளை தன்னை முறை சொல்லிக் கூப்பிட்டு, போகாதே என்று சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்த்து வாழ்ந்தவன் இல்லை. மறுநாள் அவன் தும்பு பிரிக்கும்போது சீட்டியடித்ததாகக் கிட்டங்கியில் பேசிக்கொண்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் வடிவு ஒரு முடிவோடு எழுந்தாள். வருஷம் திரும்பப் போகிறது. மாகுமேடேக்குப் பிள்ளை என்று மிஞ்சியிருப்பது தான் ஒருத்தி. வீடு என்று மிஞ்சியிருப்பதும் இந்த ஓலைக்கூரைதான். ஆனால் குடியை வெறுக்கிற வீட்டில் கள் காய்ச்சுகிறேன் என்று எப்படிக் கேட்பது? சோறு போட்டாள். சட்டியைத் தட்டினாள். அவன் வந்து உட்கார்ந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு செய்யணும். மாமாவுக்கு ஒரு பானை கள்ளு காய்ச்சணும். சோளத்துல. எங்க ஊரு முறை அது."

சங்கரபாண்டியன் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினான். காது மடல் சிவந்தது. புதுசாகக் கட்டிக்கொண்டவனுக்குப் பெண்டாட்டி கள் காய்ச்சிக் கொடுப்பது நெட்டால் முறை போல என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். தாயின் தலையில் அடித்த சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது. இன்னொரு பக்கம் இழுத்ததுதான் ஜெயித்தது.

"காய்ச்சு" என்றான். சோற்றை மறுபடி பிசைந்துகொண்டே, "நான் என்ன செய்யணும்?" என்றும் கேட்டான்.

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா சாவதற்கு முன்னால் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அதுதான் மாமா யார் என்றுகூடக் கேட்காமல் சரி என்கிறார் என்று அவளும் அவளாகவே முடிவு செய்துகொண்டாள். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாயைத் திறக்கிற ஜோடியா அது?

அதன் பிறகு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. வெள்ளைச் சோளம் வாங்கி வந்தான். அவள் தலையை ஆட்டினாள். எட்டயபுரத்துப் பருத்தி வண்டிக்காரர்களைப் பிடித்து, கரிசல் காட்டில் விளைகிற கறுத்த இருங்குச் சோளம் கொண்டுவரச் செய்தான். அதை அள்ளி முகர்ந்து பார்த்து அவள் சிரித்தாள். அவள் பல் வரிசையை அவன் முழுசாகப் பார்த்தது அன்றுதான். தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்துக் கூழைக் கெடுத்தது. பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையில் ஒரு தோட்டக் கிணறு தேங்காய்த் தண்ணீராய் இனிக்கும் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து காவடி கட்டிச் சுமந்து வந்தான்.

பானைக்குக் குயவர் வீட்டுக்கு அவளையே கூட்டிப் போனான். கழுத்தில்லாத உருண்டைப் பானை வேண்டும், கரிப்புகையில் கறுக்க வைத்துத் தர வேண்டும் என்றாள் வடிவு. குயவர் ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுத்து இல்லேன்னா இடுப்புல எப்படித் தாயி நிக்கும்?"

"இடுப்புல வைக்கிறதுக்கு இல்ல. தரையில வச்சு, சுத்தி உக்காந்து குடிக்கிறதுக்கு."

சுடாத பானையை வாங்கி, மிளகு அளவில் மண்ணை உருட்டி அதன் வயிற்றில் வரிவரியாய் ஒட்டினாள். மாகுமேடேயின் பானைகளில் அப்படித்தான் இருக்கும். ஆவுடையப்பன் பார்த்துவிட்டு, "நல்ல பானைக்கு அம்மை போட்டுட்டியே" என்றார். சங்கரபாண்டியனுக்கு அது பிடிக்கவில்லை. "அது முத்து" என்றான். அவன் தானாக முன்வந்து ஒரு பேச்சுக்கு மறுபேச்சு பேசியதை வடிவு கவனித்தாள்.

பெரும்பாடு வோவோ. அதை அவள் பிழிந்திருக்கிறாளே தவிரப் பின்னியதில்லை. கையால் காற்றில் வரைந்து காட்டினாள். அவன் பனங்குருத்தோலையை வகிர்ந்து, கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து முடைந்தான். முதலில் முடைந்ததில் கூழே ஒழுகியது. அடுத்ததில் தண்ணீர்கூட இறங்கவில்லை. முறுக்கினால் ஓலை வெடித்தது. ஓலைக்கு நடுவே மெல்லிய தும்பைச் சேர்த்துப் பின்னிப் பார்த்தான், வளைந்து கொடுத்தது. ஆள் உயரத்துக்கு ஓலையில் ஒரு குழாயைப் பின்னுகிறவனைப் பார்த்தால் சும்மா போவார்களா?

"என்னண்ணாச்சி, மலைப்பாம்புக்குச் சட்ட தைக்கியளோ?" என்று மூட்டை தூக்குகிற மாடக்கண்ணு கேட்டான்.

"வீட்ல கேட்டா" என்றான் சங்கரபாண்டியன், பெருமையாக. உள்ளங்கை முழுக்க ஓலை கிழித்த கோடுகள். அவற்றை அவன் மறைக்கவில்லை.

சோளம் ஊறி, வீட்டின் இருட்டு மூலையில் ஈரச் சாக்குக்கு அடியில் முளைவிட்டது. அங்கேதான் பேச்சி வந்து புகுந்தாள். உப்புக் கேட்க வந்தவள், சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இருட்டில் வெளேரென்று முளைகள். நம் ஊரில் இருட்டறையில் தானியம் முளைக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அம்மனுக்கு முளைப்பாரி.

"யாருக்குளா போட்டிருக்க?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

மாமா என்று வடிவின் நாக்கு நுனிவரை வந்தது. மதினிக்கு விளங்கும்படி சொல்லலாமே என்று தமிழில் மாற்றிச் சொன்னாள்.

"அம்மைக்கு, மதினி."

தெற்கத்தியில் அம்மை என்றால் பெற்றவளும் அம்மைதான், கோயிலில் இருக்கிறவளும் அம்மைதான். பேச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே குலவையிட்டாள். கடல் தாண்டி வந்தாலும் இவளுக்குத் தெய்வ பக்தி இருக்கிறதே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. முளை போட்ட வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிப் படுக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, தம்பியின் பாயைச் சுருட்டித் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். சங்கரபாண்டியன் பாயின் பின்னாலேயே போனான். பாவம், அவன் வாயில்லாப் பூச்சி.

முளையைக் காயவைத்து வடிவு உரலில் போட்டு இடிக்கிற சத்தம் கேட்டுத்தான் பேச்சி மறுபடி ஓடி வந்தாள். அவள் கண் முன்னால் அம்மனுடைய முளைப்பாரி உலக்கைக்கு அடியில் மாவாகிக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி, கை அழுகிரும்ளா. தெய்வத்தையா இடிக்க?" என்று உலக்கையைப் பிடுங்கினாள். "இது என்ன கண்றாவி? எதுக்கு இந்த மாவு?"

"கள்ளு காய்ச்ச" என்றாள் வடிவு. பொய் சொல்ல அவளுக்கு வராது.

பேச்சி அப்படியே உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள். குடியினால் அழிந்த குடும்பத்தில் வந்து ஊறல் போடுகிறாளே, திருட்டுக் கள் பிடிக்கிற அப்காரிக்காரன் மோப்பம் பிடித்தால் தம்பி கையில் விலங்கு மாட்டிவிடுவானே, இவளை இன்றைக்கே எங்கேயாவது அனுப்பிவிடு என்று ஒரே பாட்டம். சங்கரபாண்டியன் வாசலில் வந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டான். அப்புறம் அக்காளுடைய கையிலிருந்து உலக்கையை மெதுவாக வாங்கினான்.

"எனக்காவக் காய்ச்சுதாக்கா" என்றான். "அவ ஊருல கட்டுனவனுக்கு அப்படிச் செய்யணுமாம். மாமாவுக்கு ஒரு பானைன்னு வாய் விட்டுக் கேட்டா. காய்ச்சல்ல கெடந்தப்பவும் மாமா மாமான்னு என்னயத்தான் கூப்புட்டா. எனக்குன்னு யாருக்கா இதுவரைக்கும் ஒண்ணு செஞ்சிருக்கா? ஒரு வாய் குடிச்சுட்டு அதுக்கப்புறம் தொட மாட்டேன்."

தம்பி இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசிப் பேச்சி கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முன்னமே சொல்லுததுக்கென்னலே" என்று முனகிவிட்டு, அவன் பாயை எடுத்துவரப் போனாள்.

உரலுக்கு இந்தப் பக்கம் வடிவு கல்லாய்ச் சமைந்து நின்றாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியது. வண்டிச் சோளம், காவடித் தண்ணீர், கிழிந்த கைகள் எல்லாம் எதற்காக என்று விளங்கியது. இந்த மனுஷன் இத்தனை நாளும் தனக்கு வராத ஒரு அழைப்பைத் தனக்கென்று நினைத்துப் பூரித்துப் போயிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் மாகுமேடே என்ன ஆவாள்? அழைப்பு ஒருவருக்கு, பானை இன்னொருவருக்கு என்று ஆகிவிட்டால் அவள் எப்படி உள்ளே வருவாள்? வேறு பானையை இன்னொரு நாள் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. திருட்டுத்தனமாகவா அவளை வீட்டுக்குள் அழைப்பது என்று அடுத்த யோசனை அதை அடித்தது.

இடித்தாள், கூழ் காய்ச்சினாள், கலந்தாள், மூடினாள். பானை முணுமுணுக்கத் தொடங்கியது. புருஷன் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைத் தாண்டி, இவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு முதன்முதலாக வந்தது அந்த நாட்களில்தான். வந்த நேரம் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி கிடையாது. சாயங்கால வெயில் கூரை இடுக்கு வழியாக விழுந்துகொண்டிருந்தது. பேச்சி வாசலில் முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு, ஆய்கிற சாக்கில் அப்காரிக்காரனுக்குக் காவல் இருந்தாள். சங்கரபாண்டியன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரிப் பாயில் உட்கார்ந்திருந்தான். வோவோவின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் முறுக்கினாள். இளஞ்சிவப்பாகக் கள் இறங்கியது. பானை நிறைந்தது. அவள் அதை உட்சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்து, முழங்காலிட்டு, முதல் அகப்பையை மொண்டு சுவரடியில் ஊற்றினாள்.

இனிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள்.

"மாமா."

"ம்" என்றான் சங்கரபாண்டியன், பின்னால் இருந்து. அந்த ஒற்றை எழுத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

வடிவு திரும்பவில்லை. இப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் திரும்பிச் சிரித்து, பானையை நகர்த்தி வைத்தால் போதும், ஆயுசுக்கும் அவன் சந்தோஷமாக இருப்பான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வேறொருவர் ஏன் என்று கேட்டால், கூப்பிடப்பட்டவள் வாசலோடு திரும்பிவிடுவாளே. ஓடையைத் தாண்டி வந்து தூக்கிக்கொண்டவள் கடலைத் தாண்டி வந்து வாசலில் நிற்கிறாளோ என்னவோ. வடிவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்கள இல்ல" என்றாள். "நான் கூப்புட்டது ஒங்கள இல்ல. என்னய வளத்தவியள. பெத்தவ செத்ததும் முதுகுல கட்டி வளத்தாவ. கறுப்பு ஜாதி. அவிய பாசையில அம்மைய மாமாம்பாவ. செத்துப் போயிட்டாவ, கூப்பிட்டு உள்ள சேக்க ஆளு இல்ல. காய்ச்சல்ல கூப்புட்டதும் அவியளத்தான். நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் செய்யுதியன்னு நெனச்சேன். தெரியாதுன்னு அன்னைக்கு உரலடியிலதான் தெரிஞ்சுது. சொல்லப் பயந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தாள். அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்துவிட்டது. பிறகு எழுந்து வெளியே போனான். போய்விட்டார் என்று அவள் நினைத்தாள். போகட்டும், அவர் மேல் என்ன தப்பு என்றும் நினைத்தாள்.

வாசல் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. சங்கரபாண்டியன் கைகால் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெரியவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி இடுப்பில் கட்டினான். அவளுக்குப் பக்கத்தில் வந்து, அவளைப் போலவே சுவரைப் பார்த்து முழங்காலிட்டான்.

"அவிய பேரு என்ன?" என்று கேட்டான்.

"மாகுமேடே."

"மாகு..." என்று ஆரம்பித்து, வாயில் நுழையாமல் விட்டுவிட்டான். "பேரு சொல்லுதது மரியாதையும் இல்ல" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினான்.

"அத்த, நான் சங்கரபாண்டியன். ஒங்க மகளக் கட்டியிருக்கேன். தும்புக் கிட்டங்கில வேல. எனக்குக் குடிக்கிற பழக்கம் கெடையாது. நீங்க மொத மொத வந்திருக்கிய, அதனால ஒங்க கூட ஒரு வாய் குடிக்கேன். மாமான்னா நீங்கதான்னு எனக்குத் தெரியாது. ஒங்களக் கூப்புட்டத வச்சு நான் இத்தன நாளு சந்தோசமா இருந்துட்டேன். அத மனசுல வச்சுக்கிடாதீங்க. இது ஒங்க வீடுதான். உள்ள வாங்க."

வடிவு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அந்த ஊர் முறைப்படி காய்ச்சியவளே முதலில் பானையைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அவனிடம் நீட்டினாள். எச்சில் என்று அவன் பார்க்கவில்லை. அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான். புளிப்புக்கு ஒரு கண் மட்டும் சுருங்கியது.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பேச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, யாருகிட்டலே இந்தப் பேச்சு பேசுத? உள்ள யாரு வந்திருக்கா?"

"எங்க அத்த வந்திருக்காவக்கா" என்றான் சங்கரபாண்டியன். "நெட்டால்ல இருந்து."